மகளின் நோயை மகளிடம் கொடுக்கும் காலம்

வடமராட்சியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கி, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு இப்போது 16 வயது. ஒன்பது வயதில் வயிற்றுக்குத்து, வயிற்றோட்டம் என்று தொடங்கியிருக்கிறது. பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். கூடப் படித்த பிள்ளைகள் வளர, இவர் மட்டும் அப்படியே நின்றார். கடைசியில் 11 வயதில் கொழும்பில் கொலனோஸ்கோப்பி (மலவாசல் வழியாகக் கமரா விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, சிறுகுடலின் முடிவுப் பகுதியில் குரோன் நோய் என்ற நாட்பட்ட குடல் அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். முதலில் ஸ்டீரொயிட், பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் குளிசை. ஒன்றரை வருடமாக நோவு இல்லை; உயரமும் நிறையும் கூடியிருக்கின்றன; சாதாரண தரப் பரீட்சையும் எழுதி முடித்துவிட்டார். போன கிளினிக்கில் குழந்தை வைத்திய நிபுணர், "இனிப் பெரியவர்களுக்கான கிளினிக்குக்கு மாற வேண்டும், கடிதம் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து தாய்க்கு நித்திரை இல்லை. ஐந்து வருடம் பார்த்த டொக்டரே கைகழுவி விடுகிறார் என்று எழுதியிருக்கிறார். பதினெட்டு வயது வரையாவது இங்கேயே வைத்திருக்கச் சொல்லிக் கேட்கலாமா, அல்லது கொழும்பில் தனியாரிடம் காட்டுவதா என்பது முதல் கேள்வி. லண்டனில் இருக்கும் தம்பி, அங்கே இரண்டு டொக்டர்மாரும் சேர்ந்து பார்க்கும் கிளினிக் இருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறார். அடுத்தது, நோயின் பெயரை மகளுக்கு இன்னும் சொல்லவில்லை; "குடல் புண், ஆறி வருகிறது" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். புதிய இடத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பெரியவர்கள் கிளினிக்கில் ஊர்ச்சனம் கண்டால் நாளைக்குக் கலியாணப் பேச்சு என்னாகும் என்பது இன்னொன்று. இவற்றுக்கு நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: "அலுமாரிக்குப் பின்னால் கொஞ்சக் குளிசைகள் கிடந்தன, ஏசிப்போட்டு இனி நானே வாயில் போட்டு விழுங்கும்வரை நிற்பதென்று முடிவெடுத்திருக்கிறேன்."

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேள்வியாக எழுதாத அந்தக் கடைசி வரிதான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. மற்றக் கேள்விகள் எந்த டொக்டர், எந்தக் கட்டடம், எந்த ஊர் என்பவை. அவற்றுக்கு வழி இருக்கிறது. உங்கள் மகளின் நோயை இதுவரை சுமந்தவர் நீங்கள். குளிசை நேரம், கிளினிக் திகதி, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கின்றன. மகள் உங்களோடு வந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். குழந்தை வைத்தியரிடமிருந்து பெரியவர்களின் வைத்தியருக்குக் கோப்பு போவது ஒரு நாள் வேலை. உங்களிடமிருந்து மகளுக்கு நோய் போய்ச் சேர இரண்டு மூன்று வருடம் வேண்டும். அதை இன்றைக்கே தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கைகழுவி விடுகிறாரா?

இல்லை. குரோன் நோய் வளர வளர விட்டுப்போகும் நோய் அல்ல. அடங்கிக் கிடக்கும், சில வேளை வருடக்கணக்காகவும் அடங்கிக் கிடக்கும், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். குழந்தை வைத்திய நிபுணரின் கண் பிள்ளையின் உயரத்திலும் நிறையிலும், பருவமடைவது பிந்துகிறதா என்பதிலும் இருக்கும். அந்த வேலையை அவர் நன்றாகவே செய்திருக்கிறார், மகள் வளர்ந்திருக்கிறார். இனி வரும் பிரச்சினைகள் வேறு. நோய் பெருங்குடலிலும் இருந்தால், தொடங்கி எட்டு வருடமளவில் புற்றுநோய்க்கான கண்காணிப்புக் கொலனோஸ்கோப்பி பற்றி யோசிக்க வேண்டும். சிறுகுடலின் முடிவுப் பகுதியில் நோய் இருப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். அதை இடைக்கிடை பார்க்க வேண்டும். குடல் ஒடுங்குகிறதா, எலும்பு உறுதியாக இருக்கிறதா, பிள்ளைப்பேறு, வேலை என்று கேள்விகள் மாறும். இவற்றைத் தினமும் பார்ப்பவர் பெரியவர்களின் குடல் நோய் நிபுணர்தான்.

எந்த வயதில் மாற்றுவது என்பது இங்கே ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும். உங்கள் மகளை 16 வயது வரை வைத்திருந்ததே அந்த டொக்டரின் அக்கறை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் தம்பி சொல்வதும் சரி. வைத்திய வழிகாட்டிகளைத் தயாரிக்கும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, மாற்றத்துக்கான ஆயத்தத்தைப் பிந்தினாலும் 13, 14 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. மாறுவதற்கு முன்பே புதிய வைத்தியரைச் சந்திக்க வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஏற்பாட்டை அப்படியே எங்கள் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் எதிர்பார்க்க முடியாது. அதன் சாரத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம், அதற்குப் பணம் தேவையில்லை. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அலுமாரிக்குப் பின்னால் கிடந்த குளிசைகள்

முதலில், ஏசியது போதும். இந்த வயதில், நோவும் இல்லாத நேரத்தில், குளிசையை விடாத பிள்ளையைத்தான் தேட வேண்டும். ஏன் விட்டார் என்று கேட்டீர்களா? காரணத்தைப் பொறுத்து வைத்தியமும் மாறும். அசதயோபிரின் சிலருக்கு ஓங்காளத்தைத் தரும். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் பலருக்கு அது குறையும். குறையாவிட்டால் டொக்டரிடம் சொல்ல வேண்டும். காரணம் அதுவல்லாமல், "புண் ஆறிவிட்டது என்று அம்மாவே சொல்கிறா, பிறகேன் குளிசை?" என்று அவர் யோசித்திருந்தால், பிழை எங்கே என்று உங்களுக்கு விளங்கும். ஆறிய புண்ணுக்கு யார்தான் வருடக்கணக்கில் மருந்து குடிப்பார்கள்?

இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. இந்த மருந்து மெதுவாக வேலை செய்வது. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். நிறுத்தினாலும் நோய் அடுத்த நாளே கிளம்பாது. ஒரு மாதம் விட்டுப் பார்ப்பவர்களுக்கு "ஒன்றும் ஆகவில்லையே" என்றுதான் தெரியும். பல மாதம் கழித்து, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தில் நோய் திரும்பும்போது, விட்ட குளிசையை ஒருவரும் நினைக்கமாட்டார்கள். டொக்டருக்கும் இது தெரியாவிட்டால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து இன்னும் பலமான மருந்துக்குப் போவார். ஆகவே அடுத்த கிளினிக்கில் குளிசை விட்ட கதையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மகளே சொன்னால் இன்னும் நல்லது; நீங்கள் பக்கத்திலிருந்து முறைக்கக் கூடாது.

வாயில் போட்டு விழுங்கும்வரை நிற்பது ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரி. நாளைக்குப் பேராதனைக்கோ கொழும்புக்கோ படிக்கப் போனால் விடுதியில் யார் நிற்பது? கிழமைக்கு ஒரு தடவை குளிசைப் பெட்டியை மகளே நிரப்பட்டும். போனில் நேரம் வைக்கட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டியைப் பாருங்கள். மூன்று நான்கு மாதத்தில் அதையும் விடுங்கள். குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போது சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

நோயின் பெயரை மகளுக்குச் சொல்வது

நீங்கள் சொல்லவில்லை என்பதால் அவருக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம். கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது, அவருக்கு வாசிக்கத் தெரியும், கையில் போனும் இருக்கிறது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது உங்களுக்காகவாக இருக்கலாம். புதிய டொக்டர் சொல்லி முதல் தடவையாகக் கேட்பதைவிட, வீட்டில் நீங்கள் சொல்வது நல்லது. உங்களால் ஏலாவிட்டால், இப்போதைய குழந்தை வைத்தியரிடமே அடுத்த முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பழகிய முகம் சொன்னால் பயம் குறைவு.

என்ன சொல்வது? உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறது. அதனால் குடலில் அழற்சி வருகிறது. குளிசை அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறது. இது தொற்று அல்ல, சாப்பாட்டில் விட்ட பிழையாலும் வரவில்லை, எவருடைய பாவமும் இல்லை. இவ்வளவும் போதும். மிச்சத்தை அவர் கேட்கும்போது சொல்லலாம்.

அங்கே என்ன மாறும்

இனிப்புப் பூசிச் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் கிளினிக்கில் சனம் அதிகம், நேரம் குறைவு. டொக்டர் உங்களைப் பார்க்காமல் மகளைப் பார்த்துத்தான் கதைப்பார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தால், அன்றைய கிளினிக் முடிந்தது. அதனால் மகள் இப்போதே பழக வேண்டும்: போன கிளினிக்குக்குப் பிறகு எத்தனை தடவை நோவு வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை மலம் போகிறது, இரவில் எழும்ப வேண்டியிருக்கிறதா, இரத்தம் கண்டாரா, நிறை எவ்வளவு, எத்தனை நாள் குளிசை தவறியது. இவ்வளவையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இனி வரும் குழந்தை கிளினிக்கில், முதல் பத்து நிமிடம் மகள் தனியாக உள்ளே போகட்டும். பிறகு நீங்கள் போங்கள். உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். ஆனால் குரோன் நோயில் மலவாசல் பக்கத்தில் கட்டி, சீழ் என்றெல்லாம் வரலாம். தாய்க்கு முன்னால் வெட்கப்பட்டு அதை மாதக்கணக்கில் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. மாதவிடாய் பற்றிய கேள்விகளும் அப்படித்தான். உடம்பைப் பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மகள் கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கொலனோஸ்கோப்பி பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் பயந்துபோகிறார்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். பெரியவர்களுக்கு அரை மயக்கம்தான் வழக்கம். சிலருக்கு அதுவும் இல்லை. முதலே தெரிந்திருந்தால் மேசையில் அதிர்ச்சி இராது.

சட்டப்படியும் ஒரு மாற்றம் வருகிறது. இலங்கையில் 1989ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு பராய வயது 18. அதுவரை சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு நீங்கள் கையெழுத்து வைப்பீர்கள். அதற்குப் பிறகு கையெழுத்து மகளுடையது. அவர் விரும்பினால் உங்களையும் உள்ளே கூப்பிடலாம். ரிப்போர்ட்டை உங்களுக்குக் காட்டுவதும் காட்டாததும் அவர் விருப்பம். நல்ல பிள்ளை, காட்டுவார் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கேட்டுப் பழகுங்கள்.

எங்கே காட்டுவது

பதினெட்டு வரை இங்கேயே வைத்திருக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் என் அபிப்பிராயம், இது மாறுவதற்கு நல்ல நேரம். நோய் அடங்கியிருக்கிறது, ஒரு பரீட்சை முடிந்துவிட்டது, அடுத்த பரீட்சைக்குக் காலம் இருக்கிறது. பதினெட்டில் மாறினால் அது உயர்தரப் பரீட்சையின் நெருக்கத்தில் வந்து விழும். நோய் கிளம்பியிருக்கும் நேரத்திலும் பரீட்சை நேரத்திலும் டொக்டரை மாற்றுவதைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன். இரத்தப் பரிசோதனையில் அழற்சி கூடியிருந்தால், அது அடங்கும்வரை பொறுக்கும்படி தாராளமாகக் கேளுங்கள்.

கொழும்பில் சனல் பண்ணி, அதாவது தனியாரிடம் காசு கட்டிக் காட்டுவது ஒரு இரண்டாம் அபிப்பிராயத்துக்கு உதவும். அதையே முழு வைத்தியமாக்க வேண்டாம். அசதயோபிரின் எடுப்பவருக்கு வெண்குருதிக்கலங்களும் ஈரலும் ஒழுங்காகப் பார்க்கப்பட வேண்டும். நீங்கள் இரவு பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டிய டொக்டரிடம் அது நடக்காது, சில தடவைக்குப் பிறகு சலித்துவிடும். பிற்காலத்தில் இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி மருந்து தேவைப்பட்டால், தொடக்க ஊசிகளுக்குப் பிறகு எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை ஏற்ற வேண்டியிருக்கும். அதைக் கைக்காசில் தாங்கும் குடும்பங்கள் எங்களில் குறைவு. வேர் அரசாங்கக் கிளினிக்கில் இருக்கட்டும். இரத்தப் பரிசோதனையைக் கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலையில் செய்யலாமா என்றும் கேளுங்கள். ஒரு பள்ளிக்கூட நாள் மிச்சம்.

நான் உண்மையில் பயப்படும் இடம் ஒன்று இருக்கிறது. குழந்தை கிளினிக்கின் கடைசித் திகதிக்கும் பெரியவர் கிளினிக்கின் முதல் திகதிக்கும் இடையில் வரும் வெற்றிடம். கடிதம் கைப்பையில் இருக்கும், குளிசை முடிந்திருக்கும், "சுகமாகத்தானே இருக்கிறாள்" என்று ஒரு வருடம் போய்விடும். பிறகு குடல் அடைப்போடு இரவில் கொண்டுவருவார்கள். அதைத் தவிர்க்க, கடிதத்தோடு புதிய கிளினிக்கின் திகதியையும் கையில் வாங்காமல் பழைய கிளினிக்கிலிருந்து வர வேண்டாம். முதல் பெரியவர் கிளினிக்குக்குப் பிறகு ஒரே ஒரு தடவை குழந்தை வைத்தியரிடம் திரும்பி வந்து காட்ட அனுமதி கேளுங்கள். லண்டன் கிளினிக்கின் பாதிப் பயன் இதிலேயே கிடைத்துவிடும்.

மாற்றக் கடிதத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எழுதித் தரும்படி கேளுங்கள்:

- நோய் குடலில் எங்கெங்கே இருந்தது, திசுப் பரிசோதனை முடிவு. குடல் காசநோயும் இதே இடத்தில் இதே மாதிரி வரும் என்பதால், அது இல்லை என்று எப்படி முடிவெடுத்தார்கள் என்பதும் வேண்டும்.
- இதுவரை கொடுத்த மருந்துகள், அளவு, எது பலித்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்டீரொயிட் எத்தனை தடவை.
- உயரம், நிறை வளர்ந்த பதிவு, போட்ட தடுப்பூசிகள்.

டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தரும் நோய் விபர அட்டை) எல்லாவற்றையும் மகளின் போனில் படமெடுத்து வையுங்கள். உங்கள் போனில் இருந்தால் போதாது.

கலியாணம், சாப்பாடு

கலியாணத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். குரோன் நோய் உள்ள பெண்கள் கலியாணம் செய்கிறார்கள், சுகமாகப் பிள்ளை பெறுகிறார்கள். நோய் அடங்கியிருக்கும் நேரத்தில் கருத்தரிப்பதுதான் முக்கியம். அசதயோபிரினைக் கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தொடர்வார்கள். ஆனால் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கருவுக்கு ஆபத்தானது, அதை முன்பே நிறுத்த வேண்டும். நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூட என்றாலும், பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. மறைத்துச் செய்யும் கலியாணத்தில் நான் காணும் ஆபத்து வேறு: குளிசையை மாமியாருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டி வரும், பிறகு எடுக்காமலே விட்டுவிடுவார்கள். யாருக்கு, எப்போது சொல்வது என்பதை மகள் முடிவெடுக்கட்டும். ஊர்ச்சனத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. கிளினிக்கில் தெரிந்தவர் கண்டால் "வயிற்றுக்குக் காட்ட வந்தனான்" என்றால் முடிந்தது.

சாப்பாட்டில் பத்தியம் என்று பிள்ளையை வாட்ட வேண்டாம். புட்டு, இடியப்பம், சொதி, மீன் எல்லாம் சாப்பிடலாம். குடல் ஒடுங்கியிருக்கிறது என்று ஸ்கானில் சொல்லியிருந்தால் மட்டும் பனங்கிழங்கு போன்ற நார் கூடியவற்றில் கவனம். நாட்டு மருந்து எடுப்பதானால் டொக்டருக்குச் சொல்லிவிட்டு எடுங்கள். அசதயோபிரினோடு ஈரலில் பிரச்சினை வந்தால் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும். சிகரெட் இந்த நோயை மோசமாக்கும் என்பதும் மகள் அறிந்திருக்கட்டும். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள், வளாகத்தில் எல்லாம் இருக்கிறது.

கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாதவை

விடாத வாந்தியோடு வயிறு ஊதி நோவது, மலத்தோடு நிறைய இரத்தம் போவது, மலவாசல் பக்கம் வீங்கி நோவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலும் அப்படித்தான். எங்கள் பக்கம் மாரியோடு டெங்கு வரும். டெங்கிலும் வெண்குருதிக்கலங்களும் குருதிச்சிறுதட்டுகளும் குறையும், அசதயோபிரினாலும் குறையலாம். ஆகவே காய்ச்சல் என்று போனால், அசதயோபிரின் எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி அன்றே இரத்தம் பார்க்க வேண்டும்; குளிசையைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்று டொக்டர் முடிவெடுப்பார். பாமசியில் நோவுக்கு டைக்குளோபினக், இபுபுரோபன் வாங்கிப் போட வேண்டாம். டெங்குக்கும் ஆகாது, குரோன் நோயையும் கிளப்பிவிடலாம். பனடோல் அளவாக எடுக்கலாம். சின்னம்மைத் தடுப்பூசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை டொக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.

இந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வரும் நாளில் நீங்கள் பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம்.